இருபத்து நான்கு குழிகள்

கலையரசியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என்னைத்தான் நான் திட்டிக்கொள்ள வேண்டும். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என் வீட்டில் சொல்வது சும்மா இல்லை.

2007இல் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் காசநோய் டாக்டராக இருந்தேன். சின்னதாக ஓர் ஆய்வகமும் வைத்திருந்தேன். அதில் கலையரசிதான் டெக்னீஷியன். பிள்ளைச்சாவடியில் மீன் விற்கும் தனக்கொடியின் மகள். தற்காலிக வேலை. மாதக் கடைசியில் நான் கடிதம் கொடுத்தால்தான் நீடிக்கும்.

காசநோய்க் கிருமியின் புரதம் ஒன்றை இருபத்து நான்கு துண்டுகளாகச் செய்து வாங்கியிருந்தோம். ஒரு தட்டில் இருபத்து நான்கு குழிகள். குழிக்கு ஒரு துண்டு போட்டு, மேலே ரத்தத்தின் வெள்ளை அணுக்களை விட வேண்டும். கிருமி ஒரு முறை நுழைந்த உடம்பு என்றால் (நம் ஊரில் நோயில்லாதவர்களிலும் பலர் அப்படித்தான்), அந்த அணுக்களில் ஒரு வகையான டி செல் எந்தத் துண்டை அடையாளம் காண்கிறதோ அந்தக் குழியில் ஊதாப் புள்ளிகள் விழும்.

முதல் ரத்தம் வீராம்பட்டினத்து இளைஞன் ஒருவனுடையது. ஏழிலும் பதினாறிலும் மட்டும் புள்ளி. இரண்டாவது ரத்தத்துக்கும் அதே ஏழு, அதே பதினாறு. மீதி எல்லாம் துடைத்துவிட்டதுபோல் வெள்ளை.

“உண்மையச் சொல்லு கலை. எல்லாக் குழியிலயும் போட்டியா?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் முகம் சிறுத்துப் போனது. ஒரு பெட்டியைக் கொண்டுவந்து திறந்தாள். குழிக்கு ஒன்றாகத் துளி விட்ட குழாயின் பிளாஸ்டிக் முனைகள் இருபத்து நான்கும் அதில் வரிசையாகத் தலைகீழாகக் குத்தியிருந்தன.

“எங்கம்மா மீன் வெட்டறப்ப ஒவ்வொரு வாலையும் வரிசையா ஒதுக்கி வெப்பாங்க டாக்டர். கொறைச்சிட்டன்னு யாரும் சொல்லக் கூடாதுல்ல. நானும் அப்படித்தான் வெக்கறேன்.”

நான் பெட்டியை மூடி வைத்தேன். அவளே சொன்னாள்: “வேற ரத்தம் வெச்சுப் பாருங்க.”

வீட்டில் சொல்லியிருப்பாள்போல; மறுநாள் காலை அவள் வருவதற்கு முன்னாலேயே தனக்கொடி வந்து நின்றாள். கூடையை வாசலில் இறக்கிவிட்டுக் கையை நீட்டினாள். “என் கையப் பாத்து வளந்த கை டாக்டரம்மா அது. ஏமாத்தாது. எடுத்துப் பாருங்க.” சம்மதத் தாளைப் படித்துக் காட்டச் சொல்லிக் கையெழுத்தும் போட்டாள். கலையரசியும் தன் ரத்தத்தைக் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்துத் தட்டுகளைப் பார்த்தேன். அம்மாவுக்கு மூன்றிலும் பத்தொன்பதிலும் புள்ளி. மகளுக்கு மூன்றிலும் பத்திலும். ஏழும் பதினாறும் வெள்ளை. அந்தக் கை ஏழிலும் பதினாறிலும் மட்டும் போடுகிற கை இல்லை.

அப்புறம்தான் நோட்டைப் புரட்டினேன். முதல் இரண்டு ரத்தமும் அண்ணன் தம்பியுடையவை. சுலபமாகக் கிடைத்தார்கள் என்று நானே பிடித்துவந்து, மறந்தும் போனவர்கள். தப்பு என்னுடையது.

அம்மாவையும் மகளையும் உட்காரவைத்து விளக்கினேன். உடம்பின் செல் கிருமியின் புரதத்தைப் பல துண்டாக வெட்டும். எல்லாவற்றையும் வெளியே காட்டாது. அதன் மேல் ஒரு சிறு பள்ளம் உண்டு. அதில் சரியாகப் பொருந்தும் துண்டைத்தான் ஏந்திக் காட்டும். டி செல் பார்ப்பது அதை மட்டும்தான். அதிலும் நன்றாகப் பொருந்திய துண்டைக் கண்ட டி செல் முந்திக்கொண்டு பெருகி, மற்றவற்றைத் தலையெடுக்க விடாது. அதனால்தான் இத்தனையில் ஒன்றிரண்டு. பள்ளத்தின் வடிவம் பாதி அம்மா கொடுப்பது, பாதி அப்பா கொடுப்பது. அண்ணன் தம்பிக்குச் சில சமயம் முழுதும் ஒன்றாகவே அமைந்துவிடும்.

“என்னை மன்னிச்சிடு கலை” என்றேன். வேலையை நீட்டிக்கும் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்தேன்.

தனக்கொடி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப அந்த மூணாவது குழி நான் குடுத்ததா?”

“ஆமாம்மா. உங்ககிட்ட இருந்து வந்ததாத்தான் இருக்கணும்.”

மகளின் விரல்களைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“கையும் நான் குடுத்ததுதான்னு அன்னிக்கே சொன்னேன். ரத்தத்தப் பாத்தாத்தான் நீங்க நம்பினீங்க.”