கீர்த்தனா கூட்டின வட்டம்

இந்தப் பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிறவ நான், வியாகுலம்மாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோவமும் சட்டுனு வந்துரும். என்னையே வாயடைக்க வச்ச பிள்ளை கீர்த்தனா. பத்தாவது படிக்கிறா, மாணவர் தலைவி. விடியக்காலம் அம்மாகூட மல்லிப்பூ பறிச்சுக் குடுத்துட்டு, பஸ்ஸேறி திண்டுக்கல்லுக்கு வர்றவ.

அவ வகுப்புல தீபான்னு ஒரு பொண்ணு புதுசா சேர்ந்துச்சு. ஆயக்குடிப் பக்கமிருந்து இங்க குடி வந்தவங்க. வாயைத் தொறந்தா கொங்குப் பேச்சு, 'ஏனுங்க', 'இல்லீங்க'தான். கூடப் படிக்கிற முகேஷ்குமார் அதை அப்படியே பேசிக் காட்டுவான், வகுப்பே சிரிக்கும். மொதல்ல அந்தப் பிள்ளை பேச்சை நிறுத்துச்சு, அப்புறம் வர்றதையே நிறுத்திருச்சு. திங்கக்கிழமையில இருந்து மில்லு வேலைக்கு அனுப்பப் போறதா அவங்கப்பா சொல்லிட்டாராம்.

எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். "அந்தப் பயலை என்கிட்ட விடு, முதுகுல நாலு வைக்கிறேன்"னேன்.

"அடிச்சா அவனுக்கு வலிக்கும்மா. தீபா வந்துருவாளா?"ன்னா கீர்த்தனா.

சண்டை சச்சரவு வந்தா பிள்ளைகளே வட்டமா உக்காந்து பேசித் தீர்க்கணும்னு டீச்சருங்க இவளுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் சமையக்கட்டுக்கு வெளிய வகுப்பை உக்கார வச்சா. என்கிட்ட ஒரு கரண்டியை வாங்கிக்கிட்டா. அது யார் கையில இருக்கோ அவங்க மட்டும்தான் பேசணும். மொத ஆளா அவளே ஆரம்பிச்சா. "நானும் சிரிச்சேன். தலைவின்னு பேட்ஜ் குத்திக்கிட்டே சிரிச்சேன்." கரண்டி சுத்தி முகேஷ்கிட்ட வந்துச்சு. "வெளாட்டுக்குத்தான்..."னு ஆரம்பிச்சான். அதைப் பாதியில விட்டுட்டு, "தீபா அப்பாட்ட நானே வந்து மன்னிப்பு கேக்குறேன்"னான். கீர்த்தனாவைப் பாத்து, இத்தனூண்டு பிள்ளைக்கு இம்புட்டு நெதானமான்னு எனக்கு அம்புட்டு பெருமை.

சாயங்காலம் அவங்க ரெண்டு பேருக்கும் துணையா தீபா வீட்டுக்கு நானும் போனேன். "என்னாலதான் ஐயா அவ வரலை. மன்னிச்சிருங்க"ன்னு முகேஷ் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். தீபா கதவோரம் நின்னா. அவங்கப்பா அவனைப் பாக்கவே இல்லை. கீர்த்தனாவைப் பாத்து, "மறுபடியும் சிரிச்சாங்கன்னா என்ன பண்ணுவ கண்ணு?"ன்னு கேட்டாரு.

நானா இருந்தா, ஒருத்தனும் சிரிக்க மாட்டான்னு அடிச்சுச் சத்தியம் பண்ணியிருப்பேன். அவ பண்ணலை.

"சிரிக்கவே மாட்டாங்கன்னு சொன்னா அது பொய் ஐயா. ஆனா அன்னைக்கு தீபா ஒத்தையில இருக்க மாட்டா. நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்."

அந்த மனுசன் மகளைத் திரும்பிப் பாத்து, "யூனிபாரத்தைத் தொவைச்சுப் போடு சாமி"ன்னாரு.