பேட்ஜும் தக்காளிக் கூடையும்

கல்யாணப் பிளசர் கார் ஓட்ட லைசென்ஸ் மட்டும் போதாது, வாடகைக்கு ஆள் ஏற்றிப் போக பேட்ஜும் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பாலக்கோட்டுக்கு மாசம் ஒரு தரம் லைசென்ஸ் டெஸ்ட் வைக்கக் கேம்ப் வரும் பிரேக் இன்ஸ்பெக்டருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் ஏறிக்கொள்வது, பேட்ஜ் இல்லாத நான் ஓட்டிய வண்டியில்தான்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. வண்டி, அரிசி மில் வைத்திருந்த எங்கள் முதலாளியுடையது. யாரோ ஒரு துரை விற்றுவிட்டுப் போன நீளமான வண்டி. காரிமங்கலத்துக்கும் கடத்தூருக்கும் நடுவே கோயில் கல்யாணமோ சர்ச் கல்யாணமோ, பெண்ணும் மாப்பிள்ளையும் அதில்தான் வருவார்கள். அவர்களோடு சம்பந்தி வீட்டில் பாதிப் பேர் ஏறிக்கொள்வார்கள். அதை எந்தச் சட்டமும் கேட்டதில்லை.

ஒருநாள் தர்மபுரியில் போலீஸ்காரர் வண்டியை மடக்கிவிட்டார். ஊருக்குப் புதியவர், பாவம், யாரும் அவருக்கு எதுவும் சொல்லி வைக்கவில்லை. முதலாளிக்குப் பயம் வந்துவிட்டது.

"தை பொறக்கறதுக்குள்ள பேட்ஜ் வாங்கிரு. இல்லீன்னா சேலத்துல இருந்து டிரைவர கூட்டியாந்துருவேன்" என்றார்.

எனக்கு வேறு போக்கிடம் இல்லை. எங்கள் கேழ்வரகுக் காட்டை நம்பினால் மழையை நம்ப வேண்டும். பொண்டாட்டி வேறு மாசமாக இருந்தாள்.

முதலில் டாக்டர் சர்டிபிகேட். "கண்ணு தெரியுதா?" என்று கேட்டார். "தெரியுதுங்க" என்றேன். தலையைத் தூக்காமல் கையெழுத்துப் போட்டார். அடுத்தது நன்னடத்தைச் சான்று. கொடுத்த ஏட்டய்யா என் நடத்தையை அறிந்தவர்தான். அவர் அக்கா மகள் கல்யாணத்துக்கு ஓசியில் வண்டி ஓட்டியவன் நான்.

கடைசியில் டெஸ்ட். அன்றைக்கென்று பார்த்து, கேம்ப் எப்படி நடக்கிறது என்று பார்க்க மேலதிகாரி ஒருவர் வந்திருந்தார். அவர் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நம்ம இன்ஸ்பெக்டர் வழக்கம்போல் பின்சீட்டில். மூன்று வருஷமாக என் வண்டியில் கால் நீட்டித் தூங்கிய மனுஷன், "ஏம்பா, உன் பேரென்ன?" என்று கேட்டார். சொன்னேன்.

ஓட்டினேன். ரிவர்ஸ் எடுத்தேன். திருப்பங்களில் கையை வெளியே நீட்டிக் காட்டினேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. திரும்பும்போது மண்டி வழியாக வந்தோம். அங்கேதான் பாழாய்ப்போன பழக்கம் வேலையைக் காட்டியது. ஒவ்வொரு கேம்ப் அன்றும் இன்ஸ்பெக்டருக்காக நிறுத்துகிற இடம் அது. கை தானாக வெளியே போய் சிக்னல் காட்டியது, கால் பிரேக்கை மிதித்தது, வண்டி தக்காளி மண்டி வாசலில் நின்றுவிட்டது.

மண்டிக்காரர் கூடையோடு ஓடிவந்து டிக்கியைத் திறந்து வைத்தார். "சாருக்கு எப்பவும் போலங்க. அடியில கூட அழுகல் இல்லீங்க."

கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் முகத்தில் ஈயாடவில்லை. தையும் போச்சு, வேலையும் போச்சு, இனி கேழ்வரகுக் காடுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மேலதிகாரி இறங்கினார். டிக்கிக்குப் போய் ஒரு பழத்தை எடுத்து அமுக்கிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"இன்னொரு கூடை இருக்குமா?" என்று மண்டிக்காரரிடம் கேட்டார்.

இருந்தது. வைத்தார்கள். மேலதிகாரி திரும்பி வந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சொன்னார்: "நிறுத்தறதுக்கு முன்னால கை காட்டுன பாரு, அது ரொம்ப சரி. பாஸ்."

அடுத்த கேம்ப்புக்கும் மேலதிகாரி வந்தார், என் பேட்ஜும் வந்தது. பித்தளையில் நம்பர் வெட்டியது. காக்கிச் சட்டையில் குத்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். பேட்ஜோடு நான் ஓட்டிய முதல் சவாரி அந்த இரண்டு ஆபீசர்களும் இரண்டு கூடைகளும்தான். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கூடைகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வாடகை என்ன என்று இருவருமே கேட்கவில்லை.

யோசித்துப் பார்த்தால், சட்டப்படி அந்தச் சவாரிக்குப் பேட்ஜே தேவையில்லை. வாடகை கொடுத்தால்தானே வாடகை வண்டி.