கேக் ஊட்டிய கை

அந்தக் கத்திக்கு மரப்பிடி. பிடியில் இரண்டு பித்தளை ஆணிகள், அலகில் ரம்பம் மாதிரி சின்னச் சின்னப் பற்கள். ஒரகடம் சாலையில் உள்ள பெரிய ஓட்டலில் ஸ்டேக் எனும் வாட்டிய கறித்துண்டு சாப்பிட உட்காருபவர்களுக்கு முட்கரண்டியோடு அதையும் வைப்பார்கள். எங்கள் வீட்டு அரிவாள்மனை அதைவிடக் கூர்மை. ஆனாலும் அக்காவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் தெரிவது அந்த மரப்பிடியும், அதைச் சுற்றி இறுகிய அவள் விரல்களும்தான்.

அக்காவுக்குக் கோதுமை ஆகாது. வெறும் வயிற்று உப்புசம் இல்லை. சீலியாக் என்று டாக்டரம்மா பெயர் சொன்னார். ஒரு துண்டு சப்பாத்தி உள்ளே போனாலும் குடல் புண்ணாகும், தின்றது எதுவும் உடம்பில் ஒட்டாது. இது தெரிய வருவதற்குள் இரண்டு கரு கலைந்துவிட்டன. அவள் கணவர், அதாவது என் மாமா, சர்க்கரை நோயாளி. அதனால் வடக்குப்பட்டில் அவர்கள் வீட்டில் தினமும் சப்பாத்தி. அக்கா அவருக்குச் சுட்டுப் போட்டுவிட்டுத் தனக்குச் சோறு எடுத்து வைத்தால் போதும், “என் வூட்டு சாப்பாடு உனுக்கு விஷமா?” என்று எழுந்து வருவார். சப்பாத்திக் கட்டையால் அடித்ததில் அவள் முன்பல் ஒன்று பாதி உடைந்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். “கை நீட்டாதீங்க மாமா” என்று ஒருநாள் சொன்னதற்கு என் கன்னத்திலும் ஒன்று விழுந்தது. ஒரு பிள்ளை பிறந்தால் அடங்கிவிடுவார் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவது முறை அக்கா கர்ப்பமானபோது டாக்டரம்மா மாமாவையே உட்காரவைத்துச் சொன்னார். ஒரு பொட்டு கோதுமை மாவுகூட உள்ளே போகக் கூடாது, போனால் இந்தப் பிள்ளையும் தங்கும் என்று சொல்ல முடியாது என்றார். மாமா நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வந்தார்.

நாலாம் மாதத்தில் அவர்களுடைய கல்யாண நாள் வந்தது. மாமா தன் கம்பெனி மேனேஜரையும் அவர் மனைவியையும் அந்த ஓட்டலுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். அக்கா என்னையும் கூட்டிப் போனாள். அவளைக் கேட்டிருந்தால் வீட்டிலேயே ரசம் சோறு போதும் என்றிருப்பாள். பரிமாற வந்தவரிடம் தயங்கித் தயங்கித் தன் விஷயத்தைச் சொன்னாள். சமையல்காரரே வெளியே வந்துவிட்டார். குழம்பில் மைதா சேர்ப்போம், உங்களுக்கு வேண்டாம், தனிச் சட்டியில் உப்பும் மிளகும் வெண்ணெயும் மட்டும் போட்டு வாட்டித் தருகிறேன் என்றார். கறி வந்தது. அக்கா இரண்டாவது துண்டை வாயில் வைத்துக்கொண்டு, “மெத்துனு கீதுடி” என்றாள். ஊர் பேர் தெரியாத ஒருவர் அவ்வளவு அக்கறையாகச் சமைத்ததில் அவள் கண் கலங்கியிருந்தது.

அப்போதுதான் கேக் வந்தது. மாமா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். எங்கள் பக்கம் இப்போது பிறந்தநாள், கல்யாண நாள் எதுவானாலும் கேக் வெட்டி ஒருவருக்கொருவர் ஊட்டி, அதைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் போட்டால்தான் கணக்கு. மேனேஜரின் மனைவி செல்போனைத் தூக்கிப் பிடித்தார். மாமா ஒரு துண்டை அக்காவின் வாயருகே நீட்டினார். அக்கா வாயைத் திறக்கவில்லை.

“ஒரு வாய் துன்னு. சார் பாத்துகினு கீறாரு.”

“வேணாங்க. வயித்துல புள்ள கீது.”

மாமாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. இடது கையால் அவள் இடது மணிக்கட்டை மேசையோடு அழுத்திப் பிடித்தார். வலது கையின் விரல்களால் இரு கன்னத்தையும் நெரித்து, திறந்த வாய்க்குள் அதே உள்ளங்கையிலிருந்த கேக்கைத் திணித்தார். அவள் உதடு உடைந்து கிரீமில் ரத்தம் கலந்தது. நான் எழுவதற்குள் அக்காவின் வலது கை கத்தியைப் பிடித்துவிட்டது. தன் மணிக்கட்டை அழுத்தியிருந்த அந்தக் கையின் மேல் ஓங்கி இறக்கினாள். அது புறங்கையைத் துளைத்து அவள் மணிக்கட்டிலும் கீறியது.

மாமா கத்திய கத்தலில் ஓட்டலே எழுந்து நின்றது. அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. விரலை விட்டு வாயிலிருந்த கேக்கை வழித்து வழித்துத் துப்பினாள். தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தாள், மறுபடி கொப்பளித்தாள். மேசை விரிப்பெல்லாம் ரத்தமும் கேக்கும். எனக்குப் பயமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. கெஞ்சியது, டாக்டர் சொன்னது எதுவும் அந்த மனிதர் காதில் ஏறவில்லை.

ஆஸ்பத்திரியில் மாமா, கறி வெட்டும்போது கை தவறிவிட்டது என்றார். பெண்டாட்டி குத்தினாள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இரண்டு விரல்கள் மடங்காமல் போயின. வெளியில், கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் மாட்டியது என்று சொல்லிக்கொள்கிறாராம். இந்தப் பக்கம் அப்படி விரல் போனவர்கள் நிறையப் பேர், யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. அக்கா ரத்தக்கறைப் புடவையோடு மணிமங்கலத்தில் அம்மா வீட்டுக்கு வந்தவள், திரும்பிப் போகவே இல்லை. பிள்ளை தங்கியது.

போன மாதம் அந்தப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு அதே ஓட்டலுக்குப் போனோம். அக்காவேதான் போகலாம் என்று கேட்டாள். அக்கா இப்போது தயங்குவதில்லை. கோதுமை ஆகாது, தனிச் சட்டி என்று சத்தமாகவே சொன்னாள். கறி வந்தது, கத்தியும் வந்தது, அதே மரப்பிடி. பக்கத்து மேசையில் ஒரு கல்யாண நாள். புருஷன் கேக் துண்டை மனைவியின் வாயருகே கொண்டு போனான், சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

அக்கா சாப்பிடுவதை நிறுத்தினாள். அவள் கை மெதுவாகக் கத்தியின் மேல் போய் அமர்ந்தது.

“இன்னாம்மா?” என்றாள் மகள்.

“ஒண்ணுமில்ல, நீ துன்னு.”

பக்கத்து மேசைப் பெண் தானாக வாயைத் திறந்து, கேக்கை வாங்கிக்கொண்டு சிரித்த பிறகுதான் அக்காவின் விரல்கள் பிடியைத் தளர்த்தின.