காருக்குக் கொடுத்த பேதி மருந்து

யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், செங்கோட்டையில் ஒரு டாக்டர் ஓட்டிவிட்டு விற்ற காரை எங்கள் வீட்டுக்காரர் வாங்கினார். தென்காசியில் நாங்கள் பார்த்த மற்ற கார்களுக்கெல்லாம் கம்பி பிரேக். எங்கள் காருக்கு எண்ணெய் பிரேக். காலால் மிதித்தால் குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் போய் நாலு சக்கரத்தையும் பிடித்து நிறுத்தும். வாழைத்தார் விலை பேச வந்தவரிடம்கூட இவர் இதைச் சொல்லாமல் விட்டதில்லை.

அந்த எண்ணெயை எப்போது மாற்றுவது என்பதில்தான் தகராறு. இவர் மாற்றவே மாட்டார். குறைந்தால் மேலே ஊற்றுவார், அவ்வளவுதான். ஒரு நாள் டப்பாவை மோந்து பார்த்துவிட்டு, "ஏட்டி, இது நம்ம விளக்கெண்ணெய்தான். கொஞ்சம் ஸ்பிரிட்டு கலந்திருக்கான்" என்று கண்டுபிடித்தார். அன்றிலிருந்து அடுக்களையில் என் விளக்கெண்ணெய்ப் புட்டி தானாகக் குறைய ஆரம்பித்தது.

கார் மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, அந்த எண்ணெய் ஈரத்த இழுக்கும். நம்ம வண்டி வருசா வருசம் குத்தாலச் சாரல்ல நனையுது. வருசத்துக்கு ஒருக்கா முழுசா வடிச்சிட்டுப் புதுசு ஊத்தணும். தண்ணி சேந்த எண்ணெய் நீள இறக்கத்துல சூடேறிக் கொதிச்சிரும். பொறவு மிதிச்சா கால் சும்மா உள்ள போகும், வண்டி நிக்காது."

"மூடி போட்டுல்லா இருக்கு. ஈரம் எங்கன கூடி உள்ள போகும்?" என்றார் இவர்.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் உப்பு ஜாடிக்கும் மூடி உண்டு. ஆனி, ஆடியில் திறந்து பார்த்தால் உப்பு தண்ணீராக நிற்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்நிய ஆண்பிள்ளை முன்னால் நான் வாய் திறக்கிறவள் இல்லை.

சித்திரை கடைசியில், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் புனலூரிலிருந்து கடிதம் வந்தது. அங்கே வாழ்க்கைப்பட்ட என் தங்கைக்குத் தலைப்பிரசவம். அம்மா இல்லாததால் எங்கள் வீட்டில்தான் பேறுகாலம். ரயில் இருக்கிறது. ஆனால் கொழுந்தியாள் ரயிலில் வந்தால் எண்ணெய் பிரேக்குக்கு என்ன மரியாதை? "நானே காருல போயிக் கூட்டிட்டு வாரேன்" என்றுவிட்டார். திரும்பும்போது புளியரை இறக்கம், வளைவு வளைவாக.  நிறை வயிற்றோடு அவள் உட்கார்ந்திருக்க, இவர் கால் சும்மா உள்ளே போவதாகவே என் கண்ணில் நின்றது.

எங்கள் வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுப்போம். அதில் இவர் வெகு கண்டிப்பு. தானே மூக்கைப் பிடித்து ஊற்றுவார். இவர் புறப்படுவதற்கு மூன்று நாள் முன்னால் அந்தச் சடங்கு வந்தது. மூன்று பிள்ளைகளும் வரிசையில் அழுதுகொண்டு நிற்க, இவர் விளக்கெண்ணெய்ப் புட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னட்டி, அடியில கொஞ்சந்தான் கிடக்கு?"

"மிச்சத்த உங்க மூத்த பிள்ளை குடிச்சிட்டான்" என்றேன்.

"எவன்?"

"வெளிய நிக்கானே, நாலு சக்கரத்தோட. இதுகளுக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்கா வயித்தக் கழுவுதிய. அவன் வாங்கின நாள்லருந்து குடிக்க மட்டும் செய்யுதான். ஒரு நாளாச்சும் வெளிய போக விட்டியளா?"

பெரியவள் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். இவர் என்னை முறைத்தார். மறுநாள் மெக்கானிக் ஒரு டப்பா பிரேக் ஆயிலோடு வந்து நின்றார்.

அதில் ஒரு சங்கடம் வந்தது. மெக்கானிக் சக்கரத்தடியில் படுத்து, பழைய எண்ணெய் வடியத் திருகைத் திறக்க வேண்டும். ஒருவர் புது எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவர் பிரேக்கை மிதித்து, அவர் திருகை மூடும்வரை காலை எடுக்காமல் இருக்க வேண்டும். ஊற்றுவதை இவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே டிரைவர் சீட்டில் நான்.

"மதினிய மிதிக்கச் சொல்லுங்க அண்ணாச்சி."

"ஏட்டி, மிதிக்கச் சொல்லுதான்."

"மிதிச்சாச்சுன்னு சொல்லுங்க" என்று இவரிடம் முணுமுணுத்தேன்.

"மிதிச்சிட்டாளாம்லே!"

சேதி சுற்றிப் போவதற்குள் என் கால் தளர்ந்து, குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் தடவை மெக்கானிக் எழுந்து உட்கார்ந்தார். "அண்ணாச்சி, இப்படிப் போனா பிள்ளை புனலூர்லயே பெறந்திரும். நான் ஸ்பானரால ஒரு தட்டு தட்டுனா மிதிக்கட்டும், ரெண்டு தட்டுனா விடட்டும். மிதிச்சதும் மதினி வளையலக் குலுக்கட்டும், போதும்."

டக். கலகல. டக் டக். அப்படியே நாலு சக்கரமும் முடிந்தது. வடித்த எண்ணெயை இவர் ஒரு கிண்ணத்தில் வாங்கிப் பார்த்தார். பழைய கருப்பட்டிப் பாகு நிறம், அடியில் துரு. கொண்டுபோய்ப் பின்வாசலில் கொட்டினார்.

தங்கை பத்திரமாக வந்து இறங்கினாள்.  "இறக்கம் எப்படிட்டி இருந்தது?" என்று கேட்டேன்.

"கண்ணசர எங்க விட்டாக, அக்கா! வளைவுக்கு வளைவு பிரேக்க மிதிச்சு, 'பாத்தியா, எப்படி நிக்கி'ன்னு கேட்டுக்கிட்டேல்லா வந்தாக அத்தான்" என்றாள்.

யார் மிதித்துச் சரியான பிரேக் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் சாரலுக்கு முன்னால் இவராகவே அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"நாளைக்கு மெக்கானிக் வாரான்" என்றவர், என் கையைப் பார்த்தார். "ரெண்டு வளையல்தான் கிடக்கு? போன தடவையே அவனுக்குச் சரியாக் கேக்கலையாம். இன்னும் நாலு எடுத்துப் போட்டுக்க."