நான் மொழிபெயர்க்காமல் விட்ட வாக்கியம்

என் அலமாரியில் விரல் நீளத்தில் ஒரு பழுப்புக் கண்ணாடிப் புட்டி இருக்கிறது. காலி. ஒட்டியிருக்கும் தாளில் மருந்தின் பெயர் மட்டும் மங்கலாகத் தெரிகிறது: ஐடாக்ஸ்யூரிடின்.

எழுபதுகளில் கட்சால் தீவில் நான் நர்ஸ். சிலோனிலிருந்து வந்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் சனங்கள் என்னை ‘மிஸ்ஸி’ என்பார்கள். டாக்டர் பாபு வங்காளி. அவர் இந்தியில் சொல்வதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். மனிதருக்கு ஒரு பைத்தியம், மருந்துப் பெயர்களைப் பிரித்துப் பார்ப்பது. வாசலில் வரிசை நீண்டு கிடந்தாலும் விடமாட்டார்.

பால்வெட்டும் அக்கா ஒருத்தி இடது கண் சிவந்து, கூச்சத்தோடு வந்தாள். கருவிழியில் வைரஸ் புண். கப்பலில் வந்திருந்த ஒரே புட்டியை நீட்டினோம். “இது எதுல செஞ்சது மிஸ்ஸி?” என்றாள். டாக்டர் பாபுவுக்குக் கேட்க வேண்டுமா! முதல் துண்டு அயோடின். கடல்பாசிச் சாம்பலில் கிடைத்தது, அதன் ஆவி ஊதா நிறம், கிரேக்கத்தில் ஊதாவுக்கான சொல்லே பெயரானது. நடுத்துண்டு, ஓர் ஆக்சிஜன் குறைந்ததற்கு அடையாளம். கடைசித் துண்டின் வேர் யூரியா, அதற்கும் வேர் சிறுநீர். எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கடைசியாக அவர், “ஸிர்ஃப் நாம் கீ பாத் ஹை,” என்றார். பெயரின் கதை மட்டும்தான் என்று அர்த்தம். வரிசை நீளம், அதை நான் சொல்லவில்லை. புட்டியைக் கையில் திணித்து, “மணிக்கொரு சொட்டு, மறக்காதீங்க,” என்று அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாளும் அவள் கண்ணைக் காட்ட வராததால், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவளைத் தேடிப் போனேன். முருகன் படத்தடியில் புட்டி, மூடிகூடத் திறக்காமல்! பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்காரியின் தாய்ப்பாலைக் கண்ணில் விட்டுக்கொண்டிருந்தாள். “சஷ்டி விரதம் மிஸ்ஸி. மூத்திரத்துல செஞ்சத எப்பிடி ஒடம்புல படவிடுறது?” கடலோரக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்த விரதம் ஆறு நாள் என்பதுகூடத் தெரியாது. அடப்பாவி, என்ன காரியம் செய்தேன்! மூத்திரமும் இல்லை ஒன்றும் இல்லை, ஆலையில் செய்த மருந்து என்று சத்தியம் செய்து, அங்கேயே உட்கார்ந்து முதல் சொட்டை நானே விட்டேன்.

புண் ஆறியது. ஆனால் கண்ணில் பூ விழுந்துவிட்டது. டாக்டர் பாபுவிடம் உண்மையைச் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை, அதன்பிறகு எந்த மருந்தின் பெயரையும் அவர் பிரிக்கவேயில்லை. அக்கா தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, வலது கண்ணால் மரப்பட்டையைப் பார்த்துப் பால்வெட்டப் பழகிக்கொண்டாள். காலிப் புட்டியைக் கழுவிக் கொண்டுவந்து தந்தபோது, “அன்னிக்கே சொல்லியிருந்தா ஊத்தியிருப்பேனே மிஸ்ஸி,” என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் இன்றுவரை தாங்கவில்லை.

இப்போது எனக்கே கண்ணுக்குச் சொட்டு மருந்து. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் பழைய புட்டியைப் பார்த்து வாய்விட்டுச் சொல்வேன்: “இது பேரோட கதைதான் அக்கா, மருந்தோட கதை இல்ல.” சொல்லி முடிக்க ஒரு மூச்சுக்கூட ஆவதில்லை.