வெள்ளை அம்பு

போக்னாவுக்குக் கையால் ஒரு நேர்கோடு போட வராது. ஆனாலும் தோருன் நகரத்துக் கணித இதழில் இருபத்தாறு வருடமாக வருகிற படமெல்லாம் அவள் போட்டதுதான். கட்டங்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்புகள், அம்பின் மேல் ஓர் எழுத்து. எல்லாவற்றையும் நிரலாகத் தட்டுவாள். கணினி வரைந்து கொடுக்கும். மவுஸைப் பிடித்து இழுத்து வரைகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. "இதுக்குப் பேரு படமா? தரை தொடைக்கிற மாதிரி இழுக்குறாங்க" என்பாள்.

நிரலில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் வைத்தாக வேண்டும். அது அச்சில் வராது. அம்பு எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேர வேண்டும் என்று கணினிக்குச் சொல்வதற்கு மட்டும். மற்றவர்கள் ஒன்று, இரண்டு என்று வைத்துக்கொள்வார்கள். போக்னாவுக்கு எண்கள் குழம்பிவிடும் என்பதால் தெரிந்தவர்களின் பெயரை வைத்தாள். முதல் கட்டம் எப்போதும் போக்னா. அதிலிருந்து கிளம்பும் முதல் அம்பு மகள் கிங்காவுக்கு. அப்புறம் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள்.

போன பிப்ரவரியில் ஒரு பேராசிரியர் கடைசிக் கட்டம் வேண்டாம் என்று எழுதினார். அந்தக் கட்டத்தின் பெயர் செனோன், கீழ்வீட்டுக் கிழவர். எடுத்துவிட்டாள். மறுநாள் காலை செனோனைத் துணி போர்த்தித் தூக்கிக்கொண்டு போனார்கள். எண்பத்திரண்டு வயது, போகிற வயதுதான். ஏப்ரலில் இன்னொரு படத்தில் ஃபெலிட்ஸ்யாவை எடுத்தாள். எதிர்வீட்டு ஃபெலிட்ஸ்யாவுக்கு நாற்பத்தொன்றுதான். முந்தின வாரம்கூடக் கசகசா கேக் கொண்டுவந்து கொடுத்தவள். அந்த வாரமே அவள் சவப்பெட்டிக்குப் பின்னால் நடக்கையில் போக்னா அந்த இரண்டு படங்களையும் நினைத்துக்கொண்டாள். இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? கேட்டால் சிரிப்பார்கள்.

அன்றோடு பெயர் வைப்பதை விட்டாள். ஆனால் அதற்கு முன்பே முடித்த ஒரு படம் ஜூனில் திருத்தத்துக்குத் திரும்பி வந்தது. இரண்டாவது கட்டமும் அதற்கு வரும் அம்பும் தேவையில்லை என்று எழுதியிருந்தது.

இரண்டாவது கட்டம், கிங்கா.

பெயரை மாற்றிவிடலாமா என்று யோசித்தாள். மாற்றுவதும் எடுப்பதும் ஒன்றாகிவிட்டால்? கடைசியில் கட்டத்துக்குள் இருந்த எழுத்தையும் சுற்றுக்கோட்டையும் மட்டும் அழித்தாள். அம்புக்கு வெள்ளை நிறம் கொடுத்தாள். வெள்ளைத் தாளில் வெள்ளை அம்பு யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? நிரலுக்குள் மகள் பத்திரமாக இருந்தாள். அனுப்பிவிட்டு கடலோர நகரமான க்தான்ஸ்கில் இருந்த கிங்காவைப் போனில் கூப்பிட்டாள்.

"என்னம்மா, சாப்ட்டியானு கேக்கத்தானே போட்ட? சாப்ட்டேன், சாப்ட்டேன், சாப்ட்டேன்! போதுமா?"

போக்னாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

பன்னிரண்டு நாள் கழித்து, மதிய சூப்பை அவள் சூடாக்கிக்கொண்டிருந்தபோது இதழின் ஆசிரியர் லெஷெக் வந்தார்.

"அக்கா, உங்க படத்துல ஒரு கறுப்பு அம்பு நடுவுல அறுந்து தெரிஞ்சுது. என்னடானு தோண்டிப் பாத்தா, அது மேல குறுக்கால ஒரு வெள்ளை அம்பு! இந்தத் திருட்டு வேலையெல்லாம் எப்ப கத்துக்கிட்டீங்க?"

கரண்டி அப்படியே நின்றது. "என்ன பண்ணின லெஷெக்?"

"நானே சரி பண்ணி அச்சுக்கு அனுப்பிட்டேன். புத்தகமே வந்தாச்சு."

"கட்டத்தை எடுத்துட்டியா?"

"ஐயோ, ஏன்க்கா இப்படி வெளிறிப் போறீங்க? கட்டத்தைத் தொடவே இல்ல. அது பாட்டுக்குச் சும்மா கெடக்கு. முதல் கட்டத்துலேர்ந்து அதுக்கு வர்ற அம்பை மட்டுந்தான் எடுத்தேன்."

போன உயிர் திரும்பி வந்தது போக்னாவுக்கு. அவருக்கும் ஒரு கிண்ணம் சூப் ஊற்றிக் கொடுத்தாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. குரலை ஒருதரம் கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தாள்.

மூன்றாவது மணியில் எடுத்தது கிங்காதான். பின்னால் கடல்புறாக்கள் கத்தின.

"சாப்ட்டியாடி?"

"யாருங்க பேசுறது?"

"விளையாடாதடி. அம்மா."

அதே குரல், கேலியோ கோபமோ இல்லாமல், முன்பின் தெரியாத வயதானவர்களிடம் பேசுகிற பதவிசோடு சொன்னது:

"தப்பான நம்பருங்க. எனக்கு அம்மா கிடையாது. நீங்க தேடுற பொண்ணு சீக்கிரம் கெடைக்கட்டும்."