ஊதி நிறுத்திய மூச்சு

தொண்ணூறுகளின் பிற்பாதியில் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் எம்.ஆர்.ஐ. அறையில் டெக்னீஷியனாக இருந்தேன். இதயத்தில் குறையோடு பிறந்து, சிறு வயதில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிள்ளைகளின் இதயம் வளர வளர எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆராய்ச்சி அங்கே நடந்தது. படம் எடுப்பது என் வேலை. அதை அளந்து முடிவு சொல்வது இதய மருத்துவரின் வேலை. அவர் முடிவில் நான் ஒரே ஒரு முறைதான் குறுக்கிட்டேன்.

எம்.ரெட்டியபட்டியிலிருந்து வந்த பன்னிரண்டு வயதுப் பெண்ணின் தாளில் அவர் எழுதியிருந்தார்: படம் பயன்படாது, கதீட்டர் செய்க. கதீட்டர் என்றால் தொடையிலுள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்திப் பார்ப்பது. இதயத்தின் வலது கீழறை வீங்கியிருக்கிறதா என்பது எப்படியும் தெரிந்தாக வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன்பு ஒரு முறை அவளுக்குக் கதீட்டர் செய்திருந்தார்கள். நெஞ்சிலுள்ள நீளத் தழும்பைக் கேட்டால் சிரித்துக்கொண்டே காட்டுவாள். தொடையைப் பற்றிப் பேச்சு வந்தால் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள்.

"சார், ரெண்டு வாரம் டைம் குடுங்க. இன்னொரு தடவை எடுத்துப் பாக்குறேன்" என்றேன்.

"அதே பொண்ணு, அதே மெஷின். என்ன மாறப்போகுது?" என்றார். ஆனாலும் தேதி கொடுத்தார்.

எதற்கும் பட்டியல் போடுவது என் வழக்கம். படம் கெட்டதற்கான காரணங்களை எழுதினேன்: நெஞ்சில் ஒட்டிய ஈ.சி.ஜி. வயர், துடிப்பின் சீர், உடம்பு அசைவு, மூச்சு. முதல் மூன்றும் சரியாக இருந்தன, அடித்துவிட்டேன். மூச்சு மட்டும் மிஞ்சியது.

அந்தக் கருவியில் ஒரு மூச்சுப் பிடிப்புக்கு ஒரு படம்தான் கிடைக்கும். ரொட்டியைத் துண்டு போடுவதுபோல இதயத்தை மேலிருந்து கீழ்வரை துண்டு துண்டாக எடுத்து, பிறகு அடுக்கி அளக்க வேண்டும். மூச்சு இழுக்க இழுக்க இதயம் கீழே இறங்கும். ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவு இழுத்தால், ஒரு துண்டு விட்டுப்போகும், இன்னொன்று இரண்டு தடவை வரும். இவளோ சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை. "நல்லா இழுத்துப் பிடிம்மா" என்று நான் சொல்லச் சொல்ல, முந்தைய தடவையைவிடக் கூடுதலாக இழுத்திருக்கிறாள். மூச்சை வெளியே விட்டு நிறுத்தினால் அளவு மாறாது என்று படித்திருந்தேன். ஆனால் பிள்ளைகளிடம் அதைச் சொன்னால், விட்ட உடனே பதறி இழுத்துவிடுவார்கள்.

அவள் வீட்டிலேயே பழக்கிப் பார்க்கலாம் என்று, ஞாயிற்றுக்கிழமை சொந்த ஊரான பாளையம்பட்டியில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி, பஸ் பிடித்து அவர்கள் ஊருக்குப் போனேன். வாசல் ஓரத்து அடுப்பின் முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். விறகுக்கு வைத்திருந்த பருத்திமார் நனைந்திருந்ததால் ஒரே புகை.

"காட்டு வேலைக்கு அனுப்புறதில்ல தாயி, தண்ணிக் குடம் தூக்க விடுறதில்ல. அடுப்பு மட்டும் அவ பாத்துக்கிருவா" என்றார் அவள் அம்மா, நான் குறை சொல்ல வந்திருப்பதாக நினைத்து.

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்புக் குழலை வாயில் வைத்து நிதானமாக ஊதினாள். ஊதி முடித்ததும் குழலை எடுத்து, முகத்தைத் திருப்பி, வாயை மூடிக்கொண்டு புகை விலகும்வரை அப்படியே இருந்தாள். உள்ளே இழுத்தால் புகை ஏறுமே. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு படத்துக்கு வேண்டிய நேரத்துக்குமேல் தாங்கினாள், பதற்றமே இல்லாமல்.

அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை ஊது" என்றேன். மறுபடியும். மறுபடியும். ஒவ்வொரு தடவையும் வயிறு ஒரே இடத்தில் வந்து நின்றது.

பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். "மதுரையில இருந்து வந்து அடுப்பு ஊதவா படிச்சுக் குடுக்காக?"

"உம் மருமகளையும் அனுப்பு, சேத்துப் படிக்கட்டும்" என்றார் அம்மா.

இரண்டாவது தேதிக்கு இருவரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். எம்.ஆர்.ஐ. பெரிய காந்தம். இரும்பு உள்ளே போனால் பறந்து வந்து ஆளைத் தாக்கும். அதனால் கதவருகே என் பட்டியலை வாசித்தேன்: தோடு, கொலுசு, ஹேர்பின், தாயத்து, ஊக்கு. ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டில் வைத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு அம்மா மஞ்சள் பைக்குள் கைவிட்டு, வீட்டு ஊதுகுழலை எடுத்து மகளிடம் நீட்டினார்.

"அய்யய்யோ, அக்கா! அது இரும்பு!"

"நீங்கதான தாயி அடுப்பு ஊதுற மாதிரியே ஊதணும்னீக?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. என் பட்டியலில் ஊதுகுழல் இல்லை. வாங்கி வெளி அறை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

"குழல் இல்லாம எப்படிக்கா ஊத?" என்றாள் அவள். எக்ஸ்ரே ஃபிலிம்களுக்கு இடையில் வரும் காகிதத்தைச் சுருட்டிக் கொடுத்தேன். வாயில் வைத்துப் பார்த்து, "இது ரொம்ப லேசா இருக்கு" என்று சலித்துக்கொண்டே படுத்தாள்.

மைக்கில் சொன்னேன்: "ஊது... நிறுத்து." முதல் படம் கலங்கிப்போனது. பழக்கத்தில் முகத்தைத் திருப்பிவிட்டாள், கூடவே தோளும் அசைந்தது.

"இங்க புகை இல்லடா. நேரா மேல பாத்துக்கிட்டே இரு."

அடுத்த படம் தெளிவாக வந்தது. அதற்கடுத்ததும். இதய அறையின் சுவர் எங்கே முடிகிறது, ரத்தம் எங்கே தொடங்குகிறது என்று திரையில் விரல் வைத்துக் காட்டலாம்போல இருந்தது. கடைசித் துண்டுவரை ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

மருத்துவர் ஒவ்வொரு படத்திலும் கையாலேயே கோடு வரைந்து அளந்தார். சாயங்காலமாகிவிட்டது. வலது கீழறை கொஞ்சம் பெரிதுதான், பயப்படுகிற அளவு இல்லை, வருடம் ஒரு முறை பார்த்தால் போதும் என்றார். பழைய வரியை அவரே அடித்தார்.

"என்ன செஞ்சீங்க?"

சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எழுதிக் குடுங்க. இனிமே எல்லாப் பிள்ளைக்கும் இப்படியே எடுப்போம்" என்றார். டைப் செய்த தாள் மறுவாரம் எம்.ஆர்.ஐ. அறைச் சுவரில் ஏறியது. நான் படித்த எந்தப் படிப்பும், வாங்கிய எந்த மார்க்கும் அன்றைக்குப்போல என்னை நிமிர வைத்ததில்லை. அதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

முடிவை அவர்களிடம் சொல்லும் வேலையை மருத்துவர் என்னிடமே விட்டார். வராந்தா பெஞ்சில் அம்மா எழுந்து நின்றார். "தொடையில குத்துவாகளா தாயி?"

"இல்லக்கா. தேவையில்ல. அவ குடுத்த படமே போதும்."

அம்மா பெஞ்சிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகள் என்னை ஒரு முறை, அம்மாவை ஒரு முறை பார்த்தாள்.

"அப்ப நாளைக்கே பள்ளிக்கூடம் போகணுமா?" என்றாள். "நாளைக்குக் கணக்குப் பரீட்சை இருக்குல்ல."